சென்னியப்பனின் இடது காது

செந்தூள் கோப்பையின் முதல் அடிக்கு முன்னால், வழக்கம்போல, ஆட்டக்காரர்கள் இடது காதைச் சொறிந்தார்கள்.

காதை என்று சொல்வதுகூடச் சரியில்லை. செவ்வாயில் தரைக்கு மேலே வருகிறவர்கள் தலைக்கவசத்தோடுதான் வர வேண்டும். அதனால் அவர்கள் சொறிந்தது கவசத்தின் இடது பக்கத்தை. அது உள்ளே இருக்கும் காதுக்குப் போய்ச் சேராது. காதில் அரிப்பும் கிடையாது. ஆனாலும் வரிசையில் நின்ற முப்பத்தைந்து பேரின் இடது கைகளும் ஒன்றாக உயர்ந்து, கவசத்தைச் சுரண்டிவிட்டு, ஒன்றாக இறங்கின. கீழே, புதுக்காங்கேயம் நகரத்தின் சுரங்க வீடுகளில் திரையின் முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. சென்னியப்பன் அப்படித்தான் செய்வார். ஆகவே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

முப்பத்தாறாவது ஆளான தெய்வாத்தாளின் கை மட்டும் காதுக்குப் போகவில்லை. வலது தோளுக்குப் போனது. அங்கே இல்லாத ஒரு துண்டை எடுத்து உதறி, மறுபடியும் தோளில் போட்டது. பிறகு இரண்டு உள்ளங்கைகளும் தொடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டன.

தெய்வாத்தாள் திடுக்கிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள்.

"ஏம்புள்ளே, காதைச் சொறிடி!" என்று கவசத்துக்குள் அம்மா ராசாமணியின் குரல் கேட்டது. ஒவ்வோர் ஆட்டக்காரருடனும் கீழிருந்து பேச ஒருவருக்கு அனுமதி உண்டு. பெரும்பாலும் அம்மாக்கள்தான் பேசினார்கள்.

"சொறியத்தாம்மா பாக்கறேன். கை தோளுக்குப் போகுது!"

"எல்லாரும் சொறிஞ்சு முடிச்சாச்சு. நீ மட்டும் என்னத்தையோ ஒதறிட்டு நிக்கற. ஊரே பாக்குது!"

தெய்வாத்தாள் மறுபடி முயன்றாள். கை மறுபடியும் இல்லாத துண்டைத்தான் உதறியது. சில்லில்தான் ஏதோ கோளாறு என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

புதுக்காங்கேயத்தில் எவரும் எந்தத் தொழிலையும் பழகிக் கற்பதில்லை. பொருத்தகத்துக்குப் போய்ப் பிடரியில் ஒரு கைச்சில்லு வைத்துக்கொள்வார்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும். ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்து பழகிய வேலையை அவருடைய தோளும் முழங்கையும் விரல்களும் எப்படிச் செய்கின்றன என்று பதிவு செய்து, அதை அப்படியே இன்னொருவர் உடம்புக்குள் இறக்கிவிடும். தையற்காரரின் சில்லைப் போட்டுக்கொண்டால் அன்றைக்கே ரவிக்கை தைக்கலாம். மூளைக்கு ஒன்றும் தெரியாது, கைக்குத் தெரியும். கூடவே, பதிவு கொடுத்தவரின் சின்னச் சின்னப் பழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவற்றை மட்டும் தனியே பிரித்தெடுக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் எல்லோரும் சென்னியப்பன் சில்லைத்தான் போட்டுக்கொண்டார்கள். ஏழு ஆண்டுகளாகக் கோப்பை அவரிடம்தான் இருந்தது. சென்னியப்பனை அடிக்க ஆள் உண்டா என்பதுதான் ஊரில் மாலை நேரத்துப் பேச்சு. நிபுணர்கள் திரையில் வந்து உட்கார்ந்து, சென்னியப்பனை வெல்ல வேண்டுமானால் சென்னியப்பனைப் போலவே ஆட வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒரே முடிவைச் சொன்னார்கள். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். கோப்பை முடிந்ததும் சென்னியப்பனின் கையைப் பதிவு செய்து, அடுத்த கோப்பைக்குள் சில்லு விற்பனைக்கு வந்துவிடும். அந்த ஓராண்டில் சென்னியப்பன் இன்னும் கொஞ்சம் தேறியிருப்பார். ஆக, ஒவ்வோர் ஆண்டும் போன ஆண்டுச் சென்னியப்பன்கள் முப்பத்தைந்து பேர் கூடி இந்த ஆண்டுச் சென்னியப்பனிடம் தோற்றார்கள். தோற்றவர்கள் ஓடிப்போய்ப் புதுச் சில்லு போட்டுக்கொண்டார்கள்.

தெய்வாத்தாளுக்கு இது கடைசிக் கோப்பை. அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தைந்து வயதாகிறது. அந்த வயதுக்குள் ஒரு கோப்பையாவது வெல்லாதவர்கள் மட்டையை ஒப்படைத்துவிட்டு உருளைக்கிழங்குச் சுரங்கத்துக்குப் போய்விட வேண்டும் என்பது நகரத்துச் சட்டம். வென்றவர்கள் அடுத்த கோப்பை வரைக்கும் மேலே வரலாம்.

மேலே வருவதுதான் அவளுக்குப் பெரிது. புதுக்காங்கேயத்தில் பிறந்த மற்றவர்களுக்கு வானம் என்பது திரையில் பார்க்கிற ஒன்று. பழுது பார்க்கும் இயந்திரங்களும் கோல்ஃப் ஆடுகிறவர்களும்தான் அதற்கு அடியில் போய் நிற்க முடியும். செவ்வாயில் பகலெல்லாம் வானம் காவி படிந்து கிடக்கும். மாலையில் சூரியன் இறங்கும்போது அதைச் சுற்றி மட்டும் நீலம் பரவும். அந்த நீலத்துக்காகத்தான் அவள் பத்து ஆண்டுகளாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் விளையாட்டில் அக்கறை இல்லாதவள் என்பார்கள். அக்கறை இருக்கிறதா என்று அவளுக்கும் அவ்வளவு உறுதியில்லை.

தவறு எங்கே நடந்தது என்று ராசாமணி பொருத்தகத்து மருத்துவரை அழைத்துக் கேட்டாள். அவர் இரண்டு நிமிடம் கழித்துத் தயங்கித் தயங்கி அவளுடைய இணைப்பிலேயே வந்தார்.

"அம்மிணி, பதறாதீங்க. நேத்து ஆயுத பூசைங்களா... பெட்டிக்கெல்லாம் சந்தனம் வெச்சோம். நம்ம பையன் கொஞ்சம் தாராளமா வெச்சுட்டான். பேரு எழுதின எடமெல்லாம் மூடிப்போச்சுங்க."

"எனக்கு யாரோட சில்லுங்க போட்டீங்க?" என்று தெய்வாத்தாள் கேட்டாள்.

"கெழக்குச் சுரங்கத்துல புதுசா ஒரு பரோட்டாக் கடை தொறக்கறாங்கல்லங்க..."

"டாக்டர்!"

"நல்ல மாஸ்டருங்க அம்மிணி! பூமியில நெடுஞ்சாலைக் கடையில முப்பது வருசம் போட்டவரு. கைப்பக்குவம் அப்படி!"

"அப்ப என்னோட சென்னியப்பன்?"

"அது அந்தக் கடையில வேலைக்குச் சேர்ந்தவருக்குப் போயிருச்சுங்க. காலையில இருந்து அவரு தட்டற மாவெல்லாம் எதிர்க்கடைக் கூரையில போய் ஒட்டுதாம். மொதலாளி அவரை வேலையை விட்டே நிறுத்தப் போறாராம்."

சில்லு ஒரு தடவை உடம்பில் ஊன்றிவிட்டால் இரண்டு நாளைக்கு எடுக்க முடியாது. ராசாமணி மருத்துவரின் மூன்று தலைமுறையையும் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் அழுதாள். "இன்னிக்கு வெசயதசமி, நல்ல நாளாச்சேன்னு காலையில நாந்தானே கூட்டிட்டுப் போனேன்" என்றாள். தெய்வாத்தாளுக்கு அழுகை வரவில்லை. சென்னியப்பன் சில்லோடு ஆடியிருந்தாலும் தோற்றிருப்போம். இது இன்னும் கொஞ்சம் கேவலமான தோல்வி, அவ்வளவுதான் என்று நினைத்தாள். மட்டையை எடுத்தாள்.

குலுக்கலில் அவளுக்கு ஜோடியாக வந்தவர் சென்னியப்பனேதான். அவர் முதலில் அடித்தார். தோளை முழுக்கத் திருப்பி, பெரிய வட்டமாக வீசி அடிக்கும் அடி. பந்து காவி வானத்தில் ஏறி, ஏறி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கித் தூளில் புதைந்தது. செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. பந்து எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு ஆழம் புதையும். அதைத் தோண்டி எடுப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

தெய்வாத்தாளின் தோள் திரும்பவே இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு வெட்டு ஓடியது, அவ்வளவுதான். கல்லில் மாவைப் படீரென்று அறைகிற வெட்டு. பந்து முழங்கால் உயரத்தில் கிளம்பி, தரையைத் தொட்டுத் தொட்டு, புதையாமல், தட்டைக்கல் தண்ணீரில் போகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

"இதென்னடி, பந்து தரையிலயே ஓடுது?" என்றாள் ராசாமணி.

"எனக்கும் தெரியலம்மா."

"அசிங்கமா இருக்குது. எந்திரிச்சுப் பறக்கற மாதிரி அடி."

அடுத்த குழியிலும் பந்து தரையோடுதான் போனது. அதற்கடுத்ததிலும் அப்படியே. கோல்ஃபில் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான இடத்துக்குப் 'பச்சை' என்று பெயர். செவ்வாயில் புல் கிடையாது. பசை தெளித்து இறுக்கிய செந்தூள்தான். சிவப்பாக இருக்கும் அதைப் பச்சை என்று சொல்வது ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பச்சைக்கு வந்ததும் தெய்வாத்தாளின் விரல்கள் இன்னும் நேர்த்தியாக வேலை செய்தன. சூடான கல்லில் பரோட்டாவைச் சுடாமல் திருப்பிப்போட்டுப் பழகிய விரல்கள். பந்து குழிக்குள் விழுந்ததும் கைகள் இரண்டும் தாமாகவே சேர்ந்து, காற்றில் எதையோ நடுவில் வைத்துப் பட்பட்டென்று அடித்து நொறுக்கின.

கீழே நிபுணர்கள் சிரித்தார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது அவளும் சென்னியப்பனும் சமநிலையில் இருந்தார்கள். நிபுணர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

சென்னியப்பன் அவளுடைய கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பத்தோரு வயதில், ஏழு கோப்பைகளுக்குப் பிறகு, அவர் ஆட்டத்தின் நடுவே எதிராளியிடம் பேசுவதே கிடையாது. பதினாறாவது குழியில் பேசினார்.

"அம்மிணி, இது யாரோட கை?"

"தெரியாதுங்ணா" என்று தெய்வாத்தாள் பொய் சொன்னாள்.

"ம்ம்" என்றார் அவர். அந்த 'ம்ம்' அவளுக்கு என்னவோ போல இருந்தது.

பதினேழாவது குழிக்குக் குறுக்கே ஒரு பிளவு. அகலம் முந்நூறு மீட்டர் இருக்கும். ஆழம் எவ்வளவு என்று பார்த்தவர் இல்லை. நேரே தாண்டி அடித்தால் ஓர் அடியில் முடியும் வேலை. சென்னியப்பன் அங்கே ஒருபோதும் நேரே அடித்ததில்லை. பிளவைக் கண்டதும் அவர் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கும். மூன்று அடிகளில் சுற்றிக்கொண்டு போவார். அது அவருடைய முதிர்ந்த நிதானம் என்று நிபுணர்கள் விளக்கமளித்திருந்தார்கள். அவருடைய சில்லைப் போட்டவர்கள் எல்லோரும் அதே நிதானத்தோடு மூன்று அடிகளில் சுற்றிப் போனார்கள். அன்றும் அப்படித்தான் போனார்கள்.

தெய்வாத்தாள் பிளவின் ஓரத்தில் நின்றாள்.

"சுத்திப் போடி!" என்றாள் அம்மா. "எல்லாரும் சுத்தித்தான் போறாங்க!"

போகத்தான் நினைத்தாள். கால் நகரவில்லை. கை துண்டை உதறியது. அந்தப் பரோட்டா மாஸ்டருக்குப் பள்ளம் என்றால் என்னவென்று தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாவை அகலமாக வீசி, காற்றில் விரித்து, கல்லுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான். கை வீசியது. பந்து பிளவின் மேல் பறந்தது. கீழே நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. எதிர்க்கரையில் ஒரு சின்னப் புழுதி எழுந்தது.

"அட என் சாமி!" என்றாள் ராசாமணி.

தெய்வாத்தாள் இரண்டு அடி வித்தியாசத்தில் வென்றாள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நீலம் பரவுவதை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் ஓராண்டுக்கு இது அவளுடையது. வாழ்த்துச் சொல்ல வந்த மற்ற ஆட்டக்காரர்கள் அவள் வெற்றியின் உச்சத்தில் பேச்சிழந்து நிற்பதாகக் கீழே அறிவித்தார்கள்.

நகரத்துக்குத் திரும்பும் தூளூர்தியில் அவளும் சென்னியப்பனும் மட்டும் இருந்தார்கள். வண்டி தானாகவே ஓடும். ஆனால் அவர் அதை நிறுத்திவிட்டுத் தாமே ஓட்டினார். பெரிய சக்கரத்தைத் தோள் முழுக்கத் திருப்பித் திருப்பி, வழியில் இருந்த ஒவ்வொரு பள்ளத்தையும் ஒதுக்கி ஒதுக்கி, அவ்வளவு லாகவமாக ஓட்டினார். நடுநடுவே வலது கை, வண்டியில் இல்லாத ஓர் ஒலிப்பானைத் தேடிப் பிசைந்தது.

தெய்வாத்தாள் அந்தத் தோளையே பார்த்தாள். மட்டை வீசும்போதும் அது இப்படித்தான் திரும்பும்.

"ங்ணா... உங்களோடதும் உங்க கை இல்லீங்களா?"

சென்னியப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏழு வருசத்துல கேட்ட மொத ஆளு நீதான். எனக்கும் ஆயுத பூசைக்குத்தான் போட்டாங்க அம்மிணி. நான் கேட்டது வேற. அப்ப இந்தத் தூளூர்தி தானா ஓடாது. ஓட்டறவங்களுக்குன்னு பூமியில இருந்து ஒரு டவுன் பஸ் டிரைவரோட சில்லு வந்திருந்துச்சு. அது எனக்கு வந்துருச்சு."

"அப்ப அந்தக் காது?"

"பஸ்ஸுல டிரைவருக்கு எடது பக்கம் எஞ்சினு. காலம் பூரா அந்தச் சத்தத்தைக் கேட்டா காது குறுகுறுங்காதா? பாவம், அந்த மனுசன் சொறிஞ்சாரு. நானும் சொறியறேன்."

"பதினேழாவது குழி..."

"ரோட்டுல பள்ளத்தைப் பாத்தா எந்த டிரைவரு நேரா வுடுவான்?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் சொன்னார்: "ஒண்ணு மட்டும் கேளு. சில்லு என்னதுன்னு வாயைத் தொறக்காதே. எல்லாரும் உன்னைப் பதிஞ்சு போட்டுக்குவாங்க. எப்பவும் உன்னைவிட ஒரு வருசம் பின்னாடியே இருப்பாங்க. நான் அப்படித்தான் பொழச்சேன். சொல்லிட்டீன்னா அசலையே வாங்கிப் போட்டுக்குவாங்க. அப்புறம் நீயும் முப்பத்தாறுல ஒண்ணு. எனக்குப் பரவால்ல, ஏழு கோப்பைக்காரன்னு ஆயுசுக்கும் அனுமதி குடுத்துட்டாங்க. உனக்கு வானம் ஒரு வருசந்தான்."

தெய்வாத்தாள் சொல்லக்கூடாது என்றுதான் முடிவு செய்தாள். ஆனால் பரிசு மேடையில் ஏறியபோது, கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் அந்தப் பரோட்டாக் கடைத் தொழிலாளி முகம் வாடி உட்கார்ந்திருந்தார். அவருடைய கை காதைச் சொறிந்துகொண்டிருந்தது. மாவு கூரையில் ஒட்டியது அவர் தவறில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்ததும் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சென்னியப்பனுடைய பேருந்தை மட்டும் சொல்லவில்லை.

எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மாக்கள் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பொருத்தகத்தின் வாசலில் வரிசை நின்றது. ஒரே மாதத்தில் நகரத்தில் பரோட்டாச் சில்லு தீர்ந்துபோய், பூமியிலிருந்து அவசரச் சரக்கு வரவழைத்தார்கள். சென்னியப்பன் படத்தை வாசலில் மாட்டியிருந்த பயிற்சி நிலையங்கள், அதைக் கழற்றிவிட்டு ஒரு கல்லும் கொஞ்சம் உருளைக்கிழங்கு மாவும் வாங்கிப்போட்டன. நான்கு வயதிலிருந்து சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். விடுதி வசதியும் உண்டு. நிபுணர்கள் திரையில் உட்கார்ந்து, கோல்ஃபின் அடிப்படையே மாவு பிசைவதுதான் என்று படம் போட்டு விளக்கினார்கள். தெய்வாத்தாளை அடிக்க ஆள் உண்டா என்று மாலைகளில் ஊர் பேசியது. உண்மையான பரோட்டா மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. போடத் தெரிந்த கைகள் எல்லாம் மட்டை பிடிக்கப் போய்விட்டன.

தெய்வாத்தாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சென்னியப்பன் சொன்னதுதான் நடந்தது. முப்பத்தைந்து பேரிடமும் இருப்பது அதே மாஸ்டர், அதே முப்பது வருசக் கைப்பக்குவம். இனி அவள் வெல்வது குலுக்கலில் பெயர் வருகிற மாதிரி அதிர்ஷ்டம்தான். கோப்பைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் பொருத்தகத்துக்குப் போனாள்.

"டாக்டர், வேற யாருமே கேக்காத சில்லு ஒண்ணு வேணுங்க."

"தச்சர் இருக்குதுங்க, முடி வெட்டறவரு இருக்குது... அதெல்லாம் அங்கங்க ஆளுங்க போட்டிருக்கறாங்க." அவர் யோசித்துவிட்டு, கீழ்த்தட்டில் கைவிட்டுத் துழாவி, ஒரு பெட்டியை எடுத்தார். "சீந்த ஆளில்லாம கெடக்கறது இது ஒண்ணுதானுங்க. போன வாரம் சென்னியப்பனே வந்து அவரோடதைக் கழட்டிப் போட்டுட்டு, பரோட்டா வெச்சுட்டுப் போயிட்டாரு. குப்பைக்குப் போட இருந்தேன்."

செந்தூள் கோப்பையின் முதல் அடிக்கு முன்னால், வழக்கம்போல, ஆட்டக்காரர்கள் வலது தோளில் இல்லாத துண்டை உதறினார்கள். முப்பத்தைந்து துண்டுகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. வரிசையின் கடைசியில் நின்ற சென்னியப்பன் எல்லோரையும்விட அழகாக உதறினார். பிறகு எல்லோரும் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்கள்.

தெய்வாத்தாள் மட்டும் இடது கையை உயர்த்தி, கவசத்தின் இடது பக்கத்தைச் சுரண்டினாள்.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். அவருடைய கை பாதி வழிவரை காதை நோக்கி எழுந்து, பிறகு நினைவு வந்து, துண்டுக்குத் திரும்பியது.

"அது என்ன புதுப் பழக்கம்?" என்று நிபுணர்கள் திரையில் பரபரத்தார்கள். "கவனித்தீர்களா, இதுவரை யாரும் முயலாத முறை!"

கீழே, ஒரு சுரங்க வீட்டில், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் தன் நான்கு வயது மகனின் தோளிலிருந்து துண்டை மெல்ல எடுத்தாள். அவனுடைய மாவு படிந்த இடது கையைப் பிடித்து, காதருகே கொண்டுபோய் வைத்தாள்.

"எங்கே சாமி," என்றாள், "சொறி பாக்கலாம்."